தங்கச்சியின் நித்திரைக்காகப் பனியில் விழுந்தேன்

தங்கச்சிக்கு நித்திரை வரவில்லை. அதற்காகத்தான் நான் இத்தாலியில் இருக்கும் பலெர்மோவுக்குப் போனேன்.

சுகிர்தாவின் மார்பில் ஒரு கட்டி வந்தது. வெட்டி எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், கதிர் பிடித்தார்கள். எல்லாம் முடிந்துவிட்டது, இனி இடைக்கிடை வந்து காட்டினால் போதும் என்று வைத்தியர்கள் கைகொடுத்து அனுப்பிவிட்டார்கள். கொட்டிய முடிகூடச் சுருள் சுருளாக முளைத்துவிட்டது. நித்திரை மட்டும் திரும்பி வரவில்லை. அவளுடைய கணவர் நேசன் தொலைபேசியில் என்னிடம், "அக்கா, இவள் கண்ணை மூடுறதேயில்லை. நீங்கள் ஒருக்கா வந்து பாருங்கோ, உங்கட சொல்லுக்குத்தான் அடங்குவாள்" என்றார்.

நான் கிளிநொச்சியில் விளையாட்டு ரீச்சர். நான் விசில் ஊதினால் மைதானத்தில் நிற்கிற காகமும் வரிசைக்கு வரும் என்று பாடசாலையில் ஒரு பகிடி உண்டு. நித்திரையையும் அப்படியே வரிசைக்குக் கொண்டுவந்துவிடலாம் என்ற துணிவில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன். பெட்டியில் என் உடுப்புகளைவிடச் சாதிக்காயும் நல்லெண்ணெயும் செத்தல் மிளகாயும்தான் கூடுதலாக இருந்தன.

அவர்களுடைய வீடு அல்பெர்கேரியாவில், பல்லாரோ சந்தைக்கு மேலே நாலாம் மாடியில் இருக்கிறது. லிப்ட் கிடையாது. சன்னலைத் திறந்தால் மீன் விற்கிறவர் தேவாரம் படிப்பதுபோல இழுத்து இழுத்துக் கூவுவது நேரே வீட்டுக்குள் வரும். மாசி மாதம், ஆனால் நல்ல வெயில். சந்தையில் கத்தரிக்காய் எங்கள் ஊர்ப் பூசணிக்காய் அளவில் கிடந்தது. கடலைமாவைக் கூழாகக் காய்ச்சித் துண்டு போட்டுப் பொரித்து, பாணுக்குள் வைத்து, தேசிக்காய் பிழிந்து தருகிறார்கள். பனெல்லே என்று பெயர். முதல் நாளே இரண்டு சாப்பிட்டேன். சுகி ஒரு துண்டைக் கிள்ளி வாயில் வைத்துவிட்டு, நாக்கில் ருசி தெரியவில்லை என்று மிச்சத்தை என்னிடம் தந்தாள்.

வந்த வாரம் முழுவதும் வைத்தியம் செய்தேன். சாதிக்காயைப் பாலில் உரைத்துக் கொடுத்தேன். நல்லெண்ணெய் வைத்து முழுகவார்த்தேன். பின்னேரங்களில் கையைப் பிடித்துக் கடற்கரைவரை நடத்திக் கூட்டிப்போனேன். களைத்துப்போய்ப் படுப்பாள், ஆனால் விடியும்வரை முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். பார்க்க வந்த ஊர்ச்சனமும் சும்மா வரவில்லை. ஆளுக்கு ஒரு பை தோடம்பழமும், சுகமாகிவிட்டது என்று சொன்ன பிறகு திரும்ப வருத்தம் வந்த யாரோ ஒருவரின் கதையும் கொண்டுவந்தார்கள். தோடம்பழத்தை வாங்கி வைத்துக்கொண்டு கதையைத் திருப்பிக் கொடுத்துவிட வழியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

ஒருநாள் கடற்கரைச் சுவரில் இருக்கும்போது அவளே வாயைத் திறந்தாள்.

"கண்ணை மூடினா உள்ளுக்கை ஏதோ வளருற மாதிரிக் கிடக்கு அக்கா. முழிச்சிருந்தா அது வராது எண்டு ஒரு நினைப்பு. விசர்க் கதைதான், எனக்கும் தெரியும்."

அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தேன். கிழக்கே வெகுதூரத்தில் மலைகளின் தலையில் வெள்ளையாக ஏதோ இருந்தது. முகில் என்று நினைத்தேன். அது ஸ்னோ என்றாள் சுகி. இவ்வளவு காலமும் இங்கே இருந்துகொண்டு ஒருநாளும் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை என்றும் சொன்னாள்.

அடுத்த நாள் லிபெர்த்தாவில் இருக்கும் சின்னோரா கோப்பி குடிக்க அழைத்திருந்தார். சுகி வருத்தம் வரும்வரை வேலைசெய்த வீடு அது. சின்னோரா என்றால், நாங்கள் மரியாதைக்கு அம்மா என்று கூப்பிடுவதுபோல. அகன்ற தெரு, நிழல் மரங்கள், கூண்டு மாதிரி ஒரு பழைய லிப்ட். சின்னோரா எண்பதைத் தாண்டியவர், தனி ஆள், உதட்டுச்சாயம் பூசாமல் கதவு திறக்க மாட்டார். சுகியைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சிவிட்டு, உனக்கு நான் என்ன செய்யட்டும், வாய்விட்டுக் கேள் என்றார். சுகி யோசிக்கவே இல்லை. பனி பார்க்க வேண்டும் என்றாள்.

அதற்கும் காரணம் இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஒவ்வொரு மாரியும் மலைக்குச் சறுக்கப் போவார்கள். போய் வந்த உடுப்புகளைத் தோய்த்து, காயவிட்டு, பூச்சிமருந்து வைத்து அலுமாரியில் அடுக்குவது சுகியின் வேலை. எந்தக் காற்சட்டையின் எந்தப் பைக்குள் கிழிசல் என்பதுவரை அவளுக்குத் தெரியும். அவை போய் வருகிற இடத்தைத்தான் தெரியாது.

சின்னோரா அலுமாரியைத் திறந்தார். வைத்தியர் சுகியை விழவே கூடாது என்று சொல்லியிருந்தார், வெட்டிய பக்கத்துக் கையை உயர்த்தவும் ஏலாது. ஆகவே அவள் சறுக்குவதற்கில்லை, அவளுக்குப் போர்வை மாதிரி ஒரு நீளச் சட்டை மட்டும். அந்த நேரம் பார்த்து என் தங்கச்சி பெருமை பேசினாள். "என்ர அக்கா விளையாட்டு ரீச்சர், அவவுக்கு வராத விளையாட்டே இல்லை" என்று தமிழில் எனக்கும் இத்தாலியனில் அவருக்குமாகச் சொன்னாள். அப்படியென்றால் காலையில் பழகி மத்தியானம் மலையைக் கடந்துவிடுவாரே என்று சின்னோரா சொன்னதாக மொழிபெயர்த்தாள். நான் மறுத்திருக்கலாம். பத்தொன்பது வயதில் மாகாணமட்டத்தில் உயரம் பாய்ந்தவள் எப்படி மறுப்பது? அவருடைய பழைய ஊதா நிறக் கம்பிளி உடுப்புக்குள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நுழைந்தேன். முன்பக்கச் சிப் நெஞ்சுவரைதான் ஏறியது. மிச்சத்துக்கு ஊசி குத்தினோம்.

ஞாயிற்றுக்கிழமை விடிய நேசனின் சின்னக் காரில் புறப்பட்டோம். பின்சீற்றில் இடியப்பப் பெட்டி, சம்பல் போத்தல், சொதி நிறைந்த சுடுநீர்ப் போத்தல், அதற்கு நடுவில் கண் மட்டும் தெரியச் சுகி. கடலோரமாகக் கொஞ்சத் தூரம் போய், பிறகு மலை ஏறத் தொடங்கினோம். கீழே வாதுமை மரங்கள் பூத்திருந்தன. மேலே போகப் போகத் தெருவோரம் வெளுத்தது. ஓரிடத்தில் எல்லோரும் காரை நிறுத்திச் சில்லுகளுக்குச் சங்கிலி சுற்றிக்கொண்டிருந்தார்கள். நேசனும் இறங்கி, யாரிடமும் ஒன்றும் கேட்காமல், பின்சில்லு இரண்டுக்கும் அழகாகச் சங்கிலி கட்டினார். அடுத்த வளைவில் கார் தன்பாட்டில் திரும்பி, வந்த திசையைப் பார்த்துக்கொண்டு, தெருவோரப் பனிக்குள் மெத்தென்று மூக்கைக் குத்தி நின்றது.

பொலிஸ்காரர் ஒருவர் ஆறுதலாக நடந்து வந்தார். இந்தக் காரை எது இழுக்கிறது ஐயா, முன்சில்லா பின்சில்லா என்று கேட்டார். நேசனின் முகம் மாறியது. வன்னியில் அவர் ட்ரக்டர் ஓட்டி வளர்ந்தவர். "ட்ரக்டருக்குப் பின்சில்லுதானே அக்கா இழுக்கும்" என்று எனக்குப் பக்கமாகத் திரும்பி முணுமுணுத்தார். பொலிஸ்காரர் குனிந்து தானே ஒரு சங்கிலியைக் கழற்றித் தந்தார். பின்னால் வந்த காரில் இருந்து முன்பின் தெரியாத இரண்டு பேர் இறங்கித் தள்ளினார்கள். தள்ளிவிட்டு, பெட்டிக்குள் என்ன மணக்கிறது என்று கேட்டார்கள். ஆளுக்கு ஒரு இடியப்பம் சம்பலோடு கொடுத்தோம். உறைப்பில் ஒருவருக்குக் கண்ணீர் வந்தது. இன்னொன்று கிடைக்குமா என்றார்.

மலைமேல் பியானோ பத்தாலியா என்ற இடம். நான் அமைதியான வெள்ளை வெளியை எதிர்பார்த்தேன். அங்கே நடந்தது திருவிழா. பலெர்மோச் சனம் வீட்டுக் குசினியையே தூக்கிக்கொண்டு வந்திருந்தது. பனிக்கு நடுவே அடுப்பு மூட்டி இறைச்சி வாட்டினார்கள், தாமரை மொட்டு மாதிரி இருக்கிற கூனைப்பூவை முழுசாகத் தணலில் புதைத்துச் சுட்டார்கள். ஒரு தாய் கையில் அகப்பையோடு, "சாப்பிடாமல் சறுக்கினால் கால் பலமில்லாமல் போகும்" என்று மகளைத் துரத்திக்கொண்டு ஓடினார். சுகிதான் மொழிபெயர்த்தாள், ஆனால் எனக்கு அது முன்னமே விளங்கிவிட்டது. கோயிலடியில் பொங்கப் போகிற எங்கள் சனத்துக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் காலுக்குக் கீழே கிடந்த பனி மட்டும்தான்.

சறுக்குப் பலகையை வாடகைக்கு எடுத்தோம். சப்பாத்தைப் பூட்டியதும் என் கால்கள் எனக்குச் சொந்தமில்லாமல் போயின. நடந்தால் லாடம் அடித்த மாடு சீமெந்தில் நடப்பதுபோல் சத்தம். பலகையைக் கீழே வைத்து ஏறப்போன நேரத்தில் நேசன் கையைக் காட்டி நிறுத்தினார். காற்சட்டைப் பைக்குள் இருந்து இரண்டு தேசிக்காயை எடுத்தார். புது வாகனம் எதுவானாலும் தேசிக்காய் நசித்துத்தானே வெளிக்கிட வேண்டும். ஆளுக்கு ஆள் மாற்றி எடுக்கிற வாடகைப் பலகை இதில் சேருமா என்று கேட்டேன். உங்களுக்குப் புதுசுதானே என்றார். சிசிலித் தேசிக்காய் கைமுட்டி அளவு. ஒவ்வொரு பலகையின் முன்முனைக்குக் கீழும் ஒன்றைப் பக்குவமாக வைத்துவிட்டு, வலதுகாலை முதலில் வைக்கச் சொன்னார்.

வைத்தேன். தேசிக்காய் நசியவில்லை, உருண்டது. பலகை அதன்மேல் உருண்டது. நான் அந்தரத்தில் ஒருகணம் நின்று, பிறகு தொம்மென்று இருந்தேன். நெஞ்சில் குத்தியிருந்த ஊசிகள் தெறித்தன. வாடகைக்காரர் ஓடிவந்து, கையில் தேசிக்காயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, சின்னோரா, இதை நாங்கள் மீனுக்குத்தான் பிழிகிறது என்றார்.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. சுகி சிரித்தாள். வெட்டிய பக்கத்தைக் கையால் அமத்திப் பிடித்துக்கொண்டு, நோகுது நோகுது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நான் வந்து இறங்கிய நாளில் இருந்து அவளுடைய சிரிப்பை ஒருதரம்கூடக் கேட்டிருக்கவில்லை. எனக்குப் பின்பக்கம் நொந்தது, மானம் போனது, ஆனாலும் அவள் சிரித்தது பெரிய சந்தோசமாக இருந்தது.

சறுக்குப் பழக்குகிறவவின் பெயர் ரோசா. அங்கேயும் அவவை ரீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள், மயெஸ்த்ரா என்று. என் வயதுதான் இருக்கும், கன்னமெல்லாம் வெயிலில் எரிந்து சிவந்த பெண். என்னையும் தலைக்கவசம் போட்ட சின்னப் பிள்ளைகள் கொஞ்சப் பேரையும் ஒரு வரிசையில் நிறுத்தினா. வாழ்க்கை முழுக்க வரிசைக்கு முன்னால் நின்றவளுக்கு வரிசைக்குள் நிற்பது புது அனுபவம். பலகைகளின் முன்முனைகளைச் சேர்த்து, பின்முனைகளை அகட்டினால் வேகம் குறையும். பிள்ளைகளுக்கு அது உடனே வந்தது. எனக்கு முன்முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. விழுந்தேன். எழும்பினேன். எழும்பியதற்காகவே திரும்ப விழுந்தேன். என் இடுப்புக்குக்கூட உயரம் வராத ஒரு சின்னப் பெண், தைரியம் சின்னோரா என்று சொல்லிவிட்டு என்னைக் கடந்து போனாள். என் மாணவிகள் ஒருத்தரும் அந்த நாட்டில் இல்லை என்பதற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன். கீழே ஒரு கதிரையில் இருந்து சுகி கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது மலைவளைவுகள் முடிவதற்கு முன்னமே பின்சீற்றில் சத்தம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். இடியப்பப் பெட்டியில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து, நல்ல நித்திரை. நேசன் கண்ணாடிக்குள்ளால் அவளைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். அல்பெர்கேரியாவுக்கு வந்து சேர்ந்தபோது வீட்டடியிலேயே காரை விட இடம் இருந்தது. அந்தத் தெருவில் அது நடக்காத காரியம். நேசன் அந்த இடத்தைக் கடந்து போனார். எஞ்சினை நிப்பாட்டினால் எழும்பிவிடுவாள் என்றார். பிரான்காச்சோப் பக்கம் போனோம், அங்கே வேலைத்தலங்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை என்று பூட்டிக் கிடந்தன, திரும்பக் கடற்கரைக்கு வந்தோம், திரும்பவும் போனோம். அந்த மனிதனை எனக்கு மிகவும் பிடித்துப்போனது அன்றுதான்.

அடுத்த நாள் பழையபடி முகட்டைப் பார்த்தாள். அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் நேசன் என்னிடம் வந்து, தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"அக்கா, கேக்கக் கூச்சமாத்தான் கிடக்கு. நீங்கள் இன்னொருக்கா விழவேணும்."

என் தொடையில் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு கண்டல். படியிறங்கும்போது கைபிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில்தான் இறங்கினேன். சரி, போவோம் என்றேன்.

வியாழக்கிழமை போனோம். நேசன் அன்று வேலைத்தலத்தில் சொல்லிவிட்டு வந்தார். இந்தமுறை சங்கிலி முன்சில்லுக்குப் போனது. சனம் குறைவு, வானம் மூடியிருந்தது. ரோசா என்னை இழுவைக் கயிற்றுக்குக் கூட்டிப்போனா. கயிற்றில் தொங்குகிற தடியின் நுனியில் ஒரு வட்டத்தட்டு இருக்கும். அதைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு நின்றால் மேலே இழுத்துக்கொண்டு போகும். நிற்க வேண்டும், இருக்கக் கூடாது என்று பலதரம் சொன்னா. தட்டைக் கண்டால் அதில் இருக்கத்தானே தோன்றும். இருந்தேன். அது என்னைக் கீழே போட்டுவிட்டுத் தனியாக மேலே போனது. இரண்டாம் முறையும் போட்டது. அடுத்தமுறை பாதிவழிவரை போய், பெருமையில் திரும்பிச் சுகிக்குக் கைகாட்டி, அங்கே விழுந்தேன்.

அன்று எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. மலையோடு இல்லை, என்னோடு. பந்து எப்படி வரும் என்று பந்து வருவதற்கு முன்னமே தெரிந்த உடம்பு இது. எதைச் சொன்னாலும் கேட்ட உடம்பு. இப்போது ஒரு பலகைத் துண்டு சொல்வதைக் கேட்கிறது, நான் சொல்வதைக் கேட்கவில்லை. சறுக்கும்போது கையில் பிடிக்கிற ஊன்றுகோலைப் பனியில் குத்தி எறிந்தேன். அது சறுக்கிக் கீழே போய்விட்டது. முன்பின் தெரியாத ஒரு கிழவர் அதைக் குனிந்து எடுத்து, அவ்வளவு தூரமும் ஏறி வந்து, ஒரு பூவை நீட்டுவதுபோல் என்னிடம் நீட்டினார். நன்றி சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருந்தது.

ரோசா என்னைச் சுற்றிவந்து பார்த்துவிட்டுக் காரணத்தைப் பிடித்தா. நான் பயம் வந்தவுடன் பின்னால் சாய்கிறேனாம். மைதானத்தில் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுப்பதும் அதுதான், முழங்காலை மடித்துக் கதிரையில் இருப்பதுபோல் பின்னால் இரு என்று. இங்கே பின்னால் இருந்தால் பலகை நம்மை விட்டுவிட்டு ஓடிவிடும். கீழே சுகி இருந்த இடத்தைக் காட்டி, அவளுக்கு இரண்டு கையையும் கொடுக்கப் போவதுபோல் முன்னுக்குக் குனி என்று கையாலும் காலாலும் விளங்கப்படுத்தினா.

கையை நீட்டினேன். சுகி தூரத்தில் ஒரு மண்ணிறப் போர்வையாகத் தெரிந்தாள். பலகை நகர்ந்தது. விழவில்லை. இன்னும் நகர்ந்தது. காலுக்குக் கீழே சர்ரென்று பட்டுத்துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம், முகத்தில் குளிர், வயிற்றுக்குள் ஊஞ்சல் ஏறி இறங்குகிற கூச்சம். ஒரு பத்துப்பன்னிரண்டு மூச்சுக்குத்தான். அதற்குப் பிறகு வழக்கம்போல மூக்கால் பனி உழுதேன். ஆனால் அந்தப் பத்து மூச்சுக்கும் நான் ரீச்சர் இல்லை, அக்கா இல்லை, வயது போனவள் இல்லை. மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்த்துச் சிரித்தேன். எனக்கு இது வராது என்று தெரிந்தது, இது எனக்குப் பிடித்திருக்கிறது என்றும் தெரிந்தது. வராத ஒன்றை இவ்வளவு விரும்ப முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. நான் எனக்குக் கெட்டித்தனம் உள்ளதை மட்டும்தான் விரும்பி வந்திருக்கிறேன்.

அன்றும் சுகி வழியில் நித்திரையானாள். அன்றும் நேசன் ஊரைச் சுற்றினார்.

நான் திரும்புகிற நாள் கிட்ட வந்தது. பெட்டியை வெளியே எடுத்த அன்று சுகி கட்டிலை விட்டு எழும்பவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மலை வேண்டாம் என்றாள். காரணம் கேட்டால் சுவரைப் பார்த்தாள். நான் பக்கத்தில் இருந்து தலையைத் தடவினேன். முளைத்த முடி கையில் குறுகுறுத்தது.

"சிரிக்கேக்கை மட்டும்தான் அக்கா மறந்துபோறன்" என்றாள். "நீங்கள் போனாப்பிறகு ஆர் விழுறது?"

பகிடியாகத்தான் சொன்னாள். சொன்ன பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. எழும்படி, கடைசித்தரம் ஒருக்கா வந்து பார், நீ பாத்துக்கொண்டிருக்க விழாமல் வாறன் என்று சொன்னேன். விழாமல் வந்தால் என்ன பிரயோசனம் என்று கேட்டாள். போனில் படம் பிடித்து வை, நான் போன பிறகு போட்டுப் பார் என்றேன். ஒருமாதிரி எழும்பி வந்தாள்.

அந்தக் கடைசி ஞாயிறு நல்ல வெயில். பனி இளகி, மேலே சீனி தூவிய மாதிரி மினுங்கியது. சனம் கம்பிளிகளைக் கழற்றிக் கொம்பில் தொங்கவிட்டுக் கையில்லாத சட்டையோடு இருந்து கூனைப்பூ உரித்தது. வாடகைக்காரர் எங்களைக் கண்டதும், மேசைக்குக் கீழே இருந்து தானே இரண்டு தேசிக்காயை எடுத்து வைத்தார். பாதியாக வெட்டி, வெட்டிய பக்கம் கீழே வருமாறு வைத்திருந்தார். அப்படி வைத்தால் உருளாது பாருங்கள் என்றார். நேசன் அவருடைய தோளைத் தட்டிக் கொடுத்தார். இந்தமுறை இரண்டும் நசிந்தன.

அடுப்பு வைத்திருந்த ஒரு குடும்பம் சுகிக்குச் சாய்கதிரை ஒன்று தந்தது. அந்த வீட்டு அம்மா கேட்காமலேயே ஒரு சுட்ட கூனைப்பூவும் கையில் வைத்தா. இதழ் இதழாக உரித்து, அடியைப் பல்லால் உரசித் தின்ன வேண்டும். சுகி ஒன்றை உரசிப் பார்த்து, உப்பு அளவாகக் காணும், எண்ணெயும் காணும் என்றாள். ருசி தெரியாத நாக்கு உப்பைப் பற்றிக் கதைத்ததை நான் கவனித்தேன். போனை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டிவிட்டு மேலே போனேன். தட்டில் இருக்கவில்லை, நின்றேன். அது என்னை மேலேவரை கொண்டுபோய் விட்டது.

மேலே நின்று பார்த்தால், மலைகளுக்கு அந்தப் பக்கம் வெகுதூரத்தில் கடல். பனியையும் கடலையும் ஒரே பார்வையில் பார்ப்பேன் என்று கிளிநொச்சியில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். வெட்டுப்படாத இரண்டு கையும், மடங்குகிற இரண்டு முழங்காலும் என்னிடம் இருக்கின்றன என்று முதல்முறையாக எண்ணிப் பார்த்தேன். யாருக்கு என்று தெரியாமலே நன்றி என்றேன். ரோசா ஒரு பக்கமாக நின்று, போ என்று கண்ணைக் காட்டினா.

கையை நீட்டினேன். கீழே சுகி. பலகை நகர்ந்தது. முதல் வளைவில் திரும்பினேன், என்னால் நம்பமுடியவில்லை. இரண்டாம் வளைவில் கொஞ்சம் ஆட்டம், பின்னால் சாயப் போனேன், திரும்பவும் சுகிக்குக் கையை நீட்டினேன், நிமிர்ந்தது. பிள்ளைகளைக் கடந்தேன், தைரியம் சொன்ன சின்னப் பெண்ணைக் கடந்தேன். பட்டு கிழிகிற சத்தம் அடிவரை நிற்கவே இல்லை. பின்முனைகளை அகட்டி, பனி தெறிக்க, சாய்கதிரைக்கு முன்னால் வந்து நின்றேன். விழாமல், ஊன்றாமல், நின்றேன். கையிரண்டையும் உயர்த்தினேன்.

சுகி நித்திரை. வாய் திறந்திருந்தது. நெஞ்சில் கிடந்த ஒரு கையில் பாதி உரித்த கூனைப்பூ. போன் மடியில் விழுந்து ஆகாயத்தைப் படம்பிடித்துக்கொண்டிருந்தது. நேசன் பக்கத்தில் குந்தி, அவளுடைய முகத்தில் வெயில் படாமல் தன் தொப்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் விரலை உதட்டில் வைத்தார்.

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. இவ்வளவு நாளும் பட்ட பாட்டுக்கு ஒரு சாட்சி இல்லையே. நீங்களாவது பார்த்தீர்களா என்று குசுகுசுத்துக் கேட்டேன். அவர் இல்லை என்று தலையாட்டினார். தொப்பியைப் பிடிக்கிற அவசரத்தில் திரும்பிப் பார்க்கவில்லையாம்.

"நீங்கள் இன்னும் விழவேயில்லை அக்கா" என்றார், தொப்பியை அசைக்காமல். "அதுக்குள்ளையே நித்திரையாயிட்டாள்."

சொன்னது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. சிரிக்கவில்லை. கார் ஆடவில்லை. பட்டப்பகலில், அவ்வளவு சத்தத்துக்கு நடுவில், தன்பாட்டில் கண்ணை மூடியிருக்கிறாள். அந்தக் கூனைப்பூ நெஞ்சோடு சேர்ந்து ஏறி இறங்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கண் நிறைந்துவிட்டது. கையுறையால் துடைத்தால் அதில் இருந்த பனியும் சேர்ந்து முகமெல்லாம் ஈரம்.

பிள்ளைகளின் கூட்டம் கூச்சலிட்டுக்கொண்டு எங்கள் பக்கமாக வந்தது. வாழ்நாளெல்லாம் விசில் ஊதினவள் நான். விரலை உதட்டில் வைத்தேன். அவ்வளவு பேரும் அப்படியே வாயைப் பொத்திக்கொண்டு, கால்நுனியில் நடக்கிற மாதிரிப் பலகைகளை இழுத்து இழுத்து எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அடுப்படியில் அந்த அம்மா அகப்பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தா.

நேரம் இருந்தது. நான் திரும்பவும் மேலே போனேன். இந்தமுறை பாதிவழியில் விழுந்தேன். சத்தம் போடாமல் விழுந்தேன்.